தண்டம் கட்டி எடுத்த கடிதம்

கலியாண வீடுகளில் மின்விசிறிக்குக் கீழே கதிரை தேடுகிற வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிமாரே, உங்களில் யாராவது தண்டம் கட்டிக் கடிதம் எடுத்திருக்கிறீர்களா? முத்திரை குறைவாக ஒட்டிய கடிதம் வந்தால், குறைந்த காசின் இரண்டு மடங்கைத் தபால்காரர் வாசலில் நின்று வாங்குவார். எழுதியவர் விட்ட பிழைக்குப் பெறுகிறவர் காசு கட்ட வேண்டும். போன கிழமை ஒரு கலியாண வீட்டில் இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த இளம்பெண் நம்பவில்லை. "கட்டாம விட்டா?" என்று கேட்டாள். கட்டாவிட்டால் கடிதம் கிடையாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியவராது என்றேன். அப்படியே என் கதையையும் தொடங்கினேன். அவள் பாதியில் போனைப் பார்க்கப் போய்விட்டாள். நீங்கள் போகமாட்டீர்கள், உங்களுக்கும் என்னைப் போல வேறு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஏறாவூரில் எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று நாங்கள் குடியிருந்த உம்மாவின் வீடு. மற்றது என்னுடையது. எங்கள் பக்கத்து வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. பெண் பிள்ளை என்றால் அவளுக்கு ஒரு வீடு வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். எனக்குப் பால்பல் விழுந்து முடியும் முன்பே அத்திவாரம் வெட்டிவிட்டார்கள். சுவர் என் தோள்மட்டத்துக்கு எழும்பியதும் கையிலிருந்த காசு முடிந்தது. வாப்பா சவூதிக்குப் போனார்.

கூரையில்லாத அந்த வீட்டில் நான் ஒரு மகாராணி. என் குசினியில் மாரித் தண்ணீர் தேங்கித் தவளைகள் குடியிருந்தன. மண்டபத்தில் மாமாவின் ஆடு படுத்து அசைபோடும். யன்னலுக்கு விட்ட ஓட்டைகளுக்குள்ளால் வாவிக் காற்று வந்து தலைமுடியைக் கலைத்துவிட்டு மறுபக்கத்தால் போகும். மழை விழுந்த பின் அந்தச் சீமெந்துச் சுவரில் மூக்கை வைத்து மணந்து பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். கூட்டாளிமாரைக் கூட்டி வந்து "இது என்ட சாப்பாட்டறை, செருப்பைக் கழற்றிட்டு வாங்க" என்று அதிகாரம் பண்ணுவேன். அதை உம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

வாப்பா போய் நாலாம் மாதம் தங்கச்சி பிறந்தாள். அவர் அவளை ஒரேயொரு படத்தில் மட்டும் பார்த்திருந்தார். அந்தப் படத்தில் அவள் முகத்தைவிட, அவளைத் தூக்கி வைத்திருந்த மாமாவின் கைமணிக்கூடுதான் தெளிவாக விழுந்திருந்தது.

கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்கு ஒருமுறை வாப்பாவின் கடிதம் வரும். தபால்கார அண்ணன் செங்கலடிப் பக்கத்துப் பொடியன், கலியாணம் கட்டாதவர். அவருடைய சைக்கிள் மணி ஒழுங்கையில் கேட்டதும் "உம்மா, வாப்பா வந்திட்டார்" என்று அயலெல்லாம் கேட்கக் கத்துவேன். வாப்பாவின் கடிதம் என்று முழுதாகச் சொல்ல எனக்குப் பொறுமை இருப்பதில்லை. இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தங்கச்சி, நடக்கத் தொடங்கிய பின் ஒருநாள் ஓடிப்போய் அவருடைய காக்கிக் காற்சட்டையைக் கட்டிப்பிடித்து "வாப்பா" என்றாள். அவர் காதுவரை சிவந்துபோனார்.

"நான் இல்ல பிள்ள, நான் தபால்" என்று அவளிடம் விளக்கம் சொன்னார். அவள் விடவில்லை. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அதன்பின் தபால்கார அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தால் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு கடிதத்தை எட்டித் தருவார்.

கடிதத்தின் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாக வரி போட்டிருக்கும். பிரித்தால் ஏலக்காயும் சவர்க்காரமும் கலந்த ஒரு மணம் வரும். உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் குர்ஆன் ஓதிப் பழகியதால் அரபு எழுத்து நன்றாக வரும். ஆகவே வந்த கடிதத்தை வாசிப்பதும் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. "என் மூத்த மகளின் உம்மாவுக்கு" என்று வாப்பா தொடங்குவார். கடைசி இரண்டு வரிகளை மட்டும் அரபு எழுத்தில் தமிழாக எழுதியிருப்பார். அந்த இடம் வந்ததும் உம்மா தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். நானும் ஓதப் பள்ளிக்குப் போகிறவள்தான், அந்த எழுத்து எனக்கும் தெரியும் என்பதை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பதில் எழுத எங்களுக்கு ஏரோகிராம் இருந்தது. நீலத்தாள், முத்திரை அதிலேயே அச்சடித்திருக்கும், எழுதி மடித்து ஒட்டினால் அதுவே உறையாகிவிடும். உறையில் போட்டு அனுப்பும் விமானக் கடிதத்தைவிட மலிவு. ஆனால் உள்ளே ஒரு நூலைக்கூட வைக்கக் கூடாது. உம்மா காசு கொடுத்து வாங்கிய தாளில் வெறும் இடம் விடச் சம்மதிக்கமாட்டார். நடுப்பக்கம் முடிந்து, மடிப்பு முடிந்து, ஒட்டுகிற நாக்கு வரைக்கும் எழுதவைப்பார். என்னைக் கூப்பிடுவது "கா" என்றுதான்.

"அந்த மூலையில இடம் இரிக்கிதே கா."

"அதில எழுதினா பசை பட்டுடும் உம்மா."

"பட்டாப் படட்டும். கறுப்புக் கோழி அடை கிடக்கிற எண்டு எழுது. அவருக்கு அதுல விருப்பம்."

எங்கள் தபால் கந்தோரில் இருந்தவர் ஒரு தமிழ் அம்மா. கறுப்புக் குடையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். அவருடைய மேசையில் ஒரு சின்னப் பித்தளைத் தராசு இருந்ததால் நாங்கள் அவரைத் தராசு அம்மா என்போம். கடிதத்தைத் தட்டில் வைத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, முள் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு இழை கூடினாலும் அடுத்த விலைதான். ஒருமுறை உம்மா தங்கச்சியின் முதல் முடியில் ஒரு சிட்டிகையை ஏரோகிராமுக்குள் வைத்து ஒட்டிவிட்டார். தராசு அம்மா அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, பெருவிரலால் தடவினார்.

"உள்ளுக்க என்ன பிள்ள?"

"தங்கச்சிர முடி."

"கொண்டுபோய் எடுத்திட்டு வா. வெறும் எழுத்துக்குத்தான் இந்த விலை."

இப்படி ஒரு கல்மனசுக்காரி உலகத்தில் இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இனி முத்திரைக்கு வருகிறேன். மாமாவின் மகள், என் மச்சி, என்னைவிட ஒரு வயது மூத்தவள். எங்கள் தெருவின் முத்திரைச் சந்தைக்கு அவள்தான் முதலாளி. கடித உறையில் முத்திரை இருக்கிற துண்டை வெட்டி, சிரட்டைத் தண்ணீரில் ஊறவைப்போம். பசை விட்டதும் முத்திரை தானாக மிதந்து கழன்று வரும். அதை என் வீட்டு யன்னல் கட்டில் கவிழ்த்து வைத்து, பறந்துவிடாமல் மேலே ஒரு சின்னக் கல் வைப்போம். காய்ந்ததும் கொப்பிக்குள் போகும். இரண்டு ஒட்டகத்துக்கு ஒரு விமானம், மூன்று எண்ணெய்க் கிணற்றுக்கு ஒரு முக்கோண முத்திரை என்று விலையெல்லாம் மச்சி சொல்வதுதான். நம் நாட்டு முத்திரை யாருக்கும் வேண்டாம். அது முற்றத்துக் கோழி போலத் தினமும் காண்பது.

கஃபா படம் போட்ட முத்திரைக்குத் தனிச் சட்டம். அந்தக் கொப்பியைத் தரையில் வைக்கக் கூடாது, கால் நீட்டிக்கொண்டு பார்க்கக் கூடாது. "கஃபாவ விக்கப்படா, ஹதியாத்தான் வாங்கலாம்" என்று மச்சி மார்க்கம் பேசினாள். குர்ஆனுக்கு விலை என்று சொல்லாமல் ஹதியா, அன்பளிப்பு, என்று கடைக்காரர்கள் சொல்வதைப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது. அதைச் சொல்லிவிட்டு ஒரு கஃபாவுக்கு ஹதியாவாக ஐந்து எண்ணெய்க் கிணறு கேட்டாள்.

அந்த மாரிக்கு முன் வந்த ஒரு கடிதத்தில் எனக்கு ஒரு அதிசயம் கிடைத்தது. ஒரு ரியால் கஃபா முத்திரை, அதன்மேல் தபால் சீல் படவேயில்லை. பக்கத்து முத்திரையில் மட்டும் சீல் விழுந்து இது தப்பியிருந்தது. ஊறவைத்து எடுத்தபோது பெட்டியிலிருந்து எடுத்த புது முத்திரை மாதிரி இருந்தது. மச்சி அதற்கு முக்கோணமும் கப்பலும் சேர்த்துத் தருவதாகச் சொன்னாள். கொழும்பில் இப்படிப்பட்டதுக்குக் காசை அள்ளிக் கொடுப்பார்கள் என்றும் சொன்னாள். அவள் கொழும்பைக் கண்டதில்லை. நான் முத்திரையைத் தூக்கிக்கொண்டு பஸாரில் இருந்த மாமாவின் கடைக்குப் போனேன்.

மாமா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சீல் குத்தினது மௌத்தாப்போன முத்திரை மகள். இது இன்னும் உசிரோட இரிக்கி" என்றார்.

"இதுக்கு எவ்வளவு வரும் மாமா?"

"ஒரு ரியாலெண்டா இஞ்சத்தக் கணக்குல ஏழெட்டு ஏரோகிராம் வாங்கலாம்."

வியாபாரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு, முத்திரை சேர்க்கும் ஒருவர் எனக்கு உண்மையைச் சொன்னார். அந்த முத்திரை லட்சக்கணக்கில் அச்சடித்தது, இன்றைக்கு அதன் விலை ஒரு பிளேன்ரீக்கும் காணாது. நாங்கள் உறையிலிருந்து வெட்டாமல், ஊறவைக்காமல், சீலோடும் விலாசத்தோடும் அப்படியே விட்டிருந்தால்தான் ஏதாவது பெறுமதி இருந்திருக்குமாம். ஆக, மச்சியும் நானும் ஒரு வருடம் முழுக்கச் சிரட்டை சிரட்டையாகப் பெறுமதியை ஊறவைத்து ஊற்றியிருக்கிறோம். இதை மச்சிக்குப் போனில் சொன்னேன். அவள் அரைமணி நேரம் சிரித்தாள். கொப்பி பின்னர் வந்த ஒரு வெள்ளத்தில் போனது.

அந்த மாதக் கடைசியில் இன்னொரு கடிதம் வந்தது. வாப்பாவின் இரண்டு வருட ஒப்பந்தம் முடியப்போகிறது. முதலாளி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையொப்பம் கேட்கிறார். இருந்தால் மூத்த மகளின் வீட்டுக்குக் கூரை போட்டு முடிக்கலாம், இல்லையென்றால் பெருநாளைக்கு முன் வந்துவிடலாம், உன் விருப்பத்தை எழுது என்று கேட்டிருந்தார்.

உம்மா அன்று பதில் எழுதச் சொல்லவில்லை. அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மீன் கழுவத் தொடங்கினார்.

"எழுது. இஞ்ச எல்லாரும் சுகம். நீங்க இருங்க. புள்ளைர வீடு முடியட்டும்."

"இருங்க எண்டா உம்மா?"

"இருங்க எண்டு எழுது கா."

என் கையாலேயே எழுதினேன். அந்தச் சொல்லை எழுதும்போது பேனா அழுந்திப் பின்பக்கம் வரை தெரிந்தது. மீதி இடத்தில் மழை, கோழி, மாமாவின் ஆடு என்று நாக்கு வரைக்கும் எழுதினோம். வியாழக்கிழமை அதைத் தபாலில் போட்டேன். போட்டுவிட்டு என் வீட்டுக்குள் போய் இருந்து அழுதேன். அந்தச் சுவரெல்லாம் எனக்கு எதிரியாகத் தெரிந்தது. இந்த வீடு இல்லாவிட்டால் வாப்பா வந்துவிடுவார் என்பதுதான் என் மனதில் நின்ற ஒரே கணக்கு.

அழுது முடிந்ததும் ஒரு யோசனை வந்தது. நானே தனியாக ஒரு கடிதம் எழுதினால் என்ன? வாப்பா கையொப்பம் வைப்பதற்குள் அது போய்ச் சேர வேண்டும். ஏரோகிராமுக்கு உம்மாவிடம் காசு கேட்க முடியாது, மாமாவிடம் கேட்டால் இரவுக்குள் உம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் என்னிடம் உயிரோடிருக்கிற முத்திரை ஒன்று இருந்தது. கடிதம் போவது சவூதிக்கு. அதில் ஒட்டுவது சவூதி முத்திரை. அங்கேயுள்ளவர்கள் தங்கள் முத்திரையை மறுப்பார்களா? இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது என்று நான் முழு மனதோடு நம்பினேன்.

கொப்பித்தாள் இரண்டில் எழுதினேன். எனக்கு வீடு வேண்டாம், தவளை இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் வாருங்கள் என்று எழுதினேன். தங்கச்சி தபால்கார அண்ணனை வாப்பா என்று கூப்பிடுகிறாள், இப்படியே விட்டால் அவர் ஊருக்குள் வரமாட்டார் என்றும் எழுதினேன். மூன்றாவது தாளில் எங்கள் கால்களை வரைந்தேன். வெளிநாட்டிலிருந்து சப்பாத்து அனுப்புகிறவர்களுக்குப் பிள்ளையின் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புவதுதானே நம் பக்கத்து வழக்கம். என் கால் சுலபம். தங்கச்சியின் காலைப் பிடித்து வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பென்சில் உள்ளங்காலில் பட்டதும் அவள் கூச்சத்தில் சிரித்து இழுத்ததால், அந்தக் காலுக்கு ஆறு விரல் வந்துவிட்டது. பக்கத்தில் இப்படி எழுதினேன்: "ஆருட்டயும் குடுத்து அனுப்ப வேணாம். நீங்களே கொண்டு வாங்க."

உறைக்குக் கடதாசி வேண்டும். என் வீட்டு மூலையில் காலியான சீமெந்துப் பை கிடந்தது. அதன் உள்மடிப்பை வெட்டி, தூசியைத் தட்டி, உறையாக மடித்தேன். முத்திரையை எச்சில் தொட்டு ஒட்டுவதா என்று யோசித்தேன். கஃபாவுக்கு எச்சில் பூசினால் அல்லாஹ் என்ன நினைப்பான்? கிணற்றடிக்குப் போய், தொழப் போகிறவள் போலக் கை கால் முகம் கழுவி உளூ செய்து, வெந்த சோற்றை நசுக்கிப் பசையாக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி ஒட்டினேன். வாப்பாவின் விலாசத்தை ஏரோகிராமில் எழுதும் அதே எழுத்தில் எழுதினேன். என் பெயரை எங்கும் போடவில்லை, உம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான். சனிக்கிழமை காலை, தராசு அம்மாவின் யன்னல் பக்கம் போகாமல் குனிந்துபோய், வெளியே நிற்கும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் செங்கட்டி விழுந்த மாதிரிக் கேட்டது.

அதன்பின்தான் பயம் பிடித்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் கந்தோர் வாசலில் போய் நிற்பேன். நான் முத்திரைக்கு அலைகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உம்மாவும் அப்படித்தான் நினைத்தார். "இந்த முத்திரைப் பைத்தியம் உன்ன விட்டுப் போகாது" என்று ஏசினார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தராசு அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்து என்னை யன்னலுக்குக் கூப்பிட்டார்.

"பிள்ள, உங்கட வீட்டுக் கடிதமெல்லாம் நீதானே எழுதுற?"

"ஓம்."

"அனுப்புறவங்கட விலாசம் எழுதாத கடிதத்தத் திருப்பி அனுப்ப ஏலாது, தெரியுமா?"

"தெரியா."

"திருப்ப ஏலாட்டி முன்னுக்குத்தான் அனுப்ப வேணும். சரி, போ."

என்னைத் திட்டுகிறார் என்று நினைத்து ஓடிவந்தேன். என் எழுத்து அவருக்குத் தெரியும், எங்கள் வீடும் தெரியும். ஒரு ஆளைவிட்டு அந்தச் சீமெந்துப் பையை உம்மாவின் கையில் கொடுக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல், சவூதி முத்திரை இங்கே செல்லாது என்பதால் காசு குறைவு என்பதற்கான அடையாளத்தை இட்டு அதைச் சவூதிக்கே விட்டிருக்கிறார். இது எனக்கு விளங்க இருபது வருடம் எடுத்தது. விளங்கியபோது அவர் மாற்றலாகி எங்கேயோ போய்விட்டிருந்தார். கல்மனசுக்காரி என்று சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது.

வாப்பாவின் பதில் மழை விட்ட ஒரு பகலில் வந்தது. உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். தங்கச்சி மடியில் இருந்தாள். நான் கடிதத்தைப் பிரித்து, சலாம் சொல்லி, சுகம் சொல்லி, அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

"ஏன் கா நிப்பாட்டின?"

"எழுத்து விளங்கல்ல."

"அவருட எழுத்து உனக்கு விளங்காத நாள் ஏது? வாசி."

அந்த வரிகளை விழுங்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். உம்மா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் என்னைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தை நானே சத்தமாக வாசித்தேன்.

"போன வியாழக்கிழமை எனக்கு இரண்டு கடிதம் ஒன்றாக வந்தது. ஒன்று ஏரோகிராம். மற்றது சீமெந்துப் பை. அதில் ஒட்டியிருப்பது நான் இங்கே காசு கொடுத்து வாங்கி ஒட்டி அனுப்பிய முத்திரை, அது திரும்பி என்னிடமே வந்திருக்கிறது. கம்பனிக்குத் தபால் எடுத்துவரும் மலையாளி தண்டம் கட்டி வாங்கி வந்து, எல்லோருக்கும் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஒன்று இருங்க என்கிறது. மற்றது வாங்க என்கிறது. கையொப்பம் வைக்க ஒரு மாதத் தவணை கேட்டிருக்கிறேன். இரண்டில் எது என் வீட்டுக் கடிதம் என்று எழுதவும்."

தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தேன். அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியவில்லை.

"மத்தக் கடிதம் ஆரு எழுதின?" உம்மா கேட்டார்.

"நான்தான்."

"என்ன எழுதின?"

"எனக்கு வீடு வேணாம், வாப்பாதான் வேணும் எண்டு."

உம்மா திரும்பி என் வீட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார். "நீதானே கூட்டாளிமாரக் கூட்டி வந்து என்ட வீடு, என்ட சாப்பாட்டறை எண்டு காட்டின?"

"அது விளையாடுறதுக்கு உம்மா."

"நான் உனக்காகத்தான் கா இருங்க எண்டன். வீடு முடியல்ல எண்டா நீ ஏங்கிப்போவாய் எண்டு நினைச்சன். எனக்கு மட்டும் அவரப் பாக்க ஆசை இல்லையா?"

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். உம்மா எனக்காகவும், நான் உம்மாவுக்குப் பயந்தும், ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த தங்கச்சிக்கு இது புது விளையாட்டாகத் தெரிந்தது போலும், கை தட்டினாள். அதைப் பார்த்து உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கஃபா முத்திரைய எச்சிலாலயா ஒட்டின?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். சோற்றுப் பசை என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அன்றைக்கே ஏரோகிராம் வாங்கி வரச் சொன்னார். நான் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். உம்மா பேனாவை என் கையிலிருந்து எடுத்தார்.

"இத நான் எழுதுறன். நீ தங்கச்சியப் பாத்துக்கொள்."

அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் சொல்லிப் பார்த்து எழுதினார். பின்னேரம் அஸருக்குத் தொடங்கி, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை எழுதினார். அந்த எழுத்து எனக்குத் தெரியும், எட்டிப் பார்த்தால் வாசித்துவிடலாம். அன்று மட்டும் நான் எட்டிப் பார்க்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த நாள் உம்மா குடை பிடித்துக்கொண்டு தானே தபால் கந்தோருக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. தராசு அம்மா பழக்கத்தில் கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"உள்ளுக்க ஒண்டும் இல்ல, எழுத்துத்தான்" என்றார் உம்மா. தராசு அம்மா தலையாட்டிவிட்டு ஓங்கிச் சீல் குத்தினார்.

நம் வயதில் முடிவுக்காகக் காத்திருக்கப் பொறுமை இருக்காது, ஆகவே முதலே சொல்லிவிடுகிறேன். வாப்பா வந்தார். என் வீட்டுக்குக் கூரை ஏற இன்னும் எட்டு வருடம் எடுத்தது. வாப்பா செங்கலடிச் சந்தையில் ஆம்பிளைகள் உடுக்கும் சாரம் விற்று, வருடத்துக்கு இரண்டு வரி கல் வைத்துத்தான் அது எழும்பியது. வீட்டை முடிக்காமல் வந்ததற்கு மாமா அவரோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாப்பா பிழை செய்துவிட்டார் என்றுதான் ஊரும் சொன்னது. அந்த எட்டு வருடமும் பகல் சோறு தின்ன அவர் வீட்டுக்கு வந்தார், அதன் பெறுமதி ஊருக்கு எப்படித் தெரியும்?

நான் சொல்ல நினைத்தது அவர் வந்து சேர்ந்த காலையை. ரயிலடியிலிருந்து மாட்டு வண்டிலில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். மெலிந்து, கறுத்து, தாடி வைத்திருந்தார். எனக்கு ஒரு கணம் ஆளைத் தெரியவில்லை. தங்கச்சி என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர் உள்ளே வராமல் வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, எங்களைப் பார்த்துச் சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாதவர் போல இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எனக்கு வாங்க எண்டு கடிதம் எழுதின ஆள் ஆரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா வெளியே வந்தார். ஒழுங்கையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் முற்றத்துக்கே வந்து நின்றார்.

"நானும்தான்" என்றார்.